கண்ணோரத்தில் ஒரு தையல்

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘ஓவர்லாக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணியின் ஓரம் பிரிந்துவிடாமல் அடிக்கிற தையல் அது. வருஷக்கணக்காக அந்த மெஷினில் உட்கார்ந்தவளுக்கு மெஷினின் பெயரே ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான். அவளிடம் சொன்ன எந்தப் பேச்சும் ஓரம் பிரிந்து வெளியே வந்ததில்லை. தன்னைப் பற்றிய பேச்சு என்றால் இன்னும் இறுக்கம்.

பக்கத்து மெஷினில் காலர் தைக்கிறவள் பாபின். மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிய பாபினைப் போலவே நிற்காமல் சுற்றுவாள். லைனில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவள் பைக்குள் கை போகும். ஊசி, ஊக்கு, இருமல் மிட்டாய், தலைவலித் தைலம் என்று ஒரு சின்ன மளிகைக் கடையே அதில் இருந்தது. கருத்தடை மாத்திரையும் ஓவர்லாக்குக்கு முதன்முதலில் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு நடந்தது அது. பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு லைனின் கடைசியில் ஒரு முக்காலியும், நூல் பிசிறு வெட்டுகிற கத்தரியும் கொடுத்தார்கள். விரல் காய்த்து, முதுகு வளைந்து, சூப்பர்வைசரின் கண்ணில் மறுபடி படுகிறவரை அந்த முக்காலியிலேயே காலம் ஓடியது. மெஷின் திரும்பக் கிடைத்த அன்று சாப்பாட்டு நேரத்தில் பாபினிடம் சொன்னாள்.

“இனி ஒண்ணு தங்குச்சுன்னா நான் செத்தேன்டி.”

“எதுக்குச் சாகணும்? இந்தா, இதைப் போடு. நான் இதைத்தான் போடுறேன். ஜம்முனு இருக்கேன்ல?”

“எனக்கு ஒத்துக்குமா?”

“எனக்கு ஒத்துக்குது. உனக்கு மட்டும் என்ன, தனியா செஞ்ச உடம்பா?”

அந்த லைனில் இதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். லைனின் முகப்பில் ஒரு சட்டை தொங்கும். அதுதான் மாதிரி. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தைப்பார்கள். ஒரு மெஷினில் நூல் அறாமல் ஓடினால், அதன் திருகாணியை எந்த அளவில் வைத்தார்களோ அதே அளவில் அடுத்த மெஷினிலும் வைப்பார்கள். ஒருத்திக்குச் சரியானது மற்றவளுக்கும் சரி என்று கை பழகிவிட்டது. மாத்திரை விஷயத்திலும் அதே கைதான் நீண்டது. அட்டை தீர்ந்தால் பாபினே மருந்துக் கடையில் சேர்த்து வாங்கி வந்துவிடுவாள். எந்த டாக்டரும் பார்க்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு வருகிற அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ என்னவோ. எப்போதாவது பார்வையின் ஓரத்தில் பல் பல்லாக ஒரு கோடு மின்னும். ஜிக்ஜாக் தையல் போலவே மேலும் கீழுமாக ஓடி, வளைந்து, பெரிதாகிப் போகும். அது அடங்கியதும் பாதித் தலை பிளக்கும். முன்பெல்லாம் அபூர்வமாக வரும். மாத்திரை ஆரம்பித்த பிறகு அடிக்கடி வந்தது. டியூப் லைட்டின் மேல் பழி போட்டாள். தூக்கமில்லை என்றாள். புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அவன் ஒருநாள், “என் மூஞ்சியைப் பார்த்தா உனக்குத் தலைவலி வருதுன்னு நேராவே சொல்லு, நான் திரும்பிப் படுத்துக்குறேன்” என்றான். சிரித்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று ஆர்டர் முடிக்கிற அவசரம். கையில் இருந்த சட்டையின் இடது பாதி திடீரென்று காணாமல் போனது. துணி இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் பல் பல்லாக வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விரலும் மரத்தது. மரப்பு கையிலிருந்து உதடு வரை மெதுவாக ஏறியது. பாபினைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, குழறல்தான் வந்தது.

“ஏய், என்னடி ஆச்சு? யாராவது வாங்களேன்!”

கம்பெனியின் வைத்திய அறைக்குத் தாங்கிக்கொண்டு போனார்கள். நர்ஸ் அவளைவிட வயதில் சின்னவள். படுக்க வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் மரப்பு விலகிப் பேச்சும் தெளிந்திருந்தது. தலை மட்டும் இடித்தது.

“எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கு முன்னால் அந்த முக்காலியும் கத்தரியும் வந்து நின்றன. சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் வயிறு. வயிறு என்றால் மெஷின் போச்சு.

“இல்லம்மா. காலையில சாப்பிடல, அதான்.”

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். “சாப்பிடலைன்னா மயக்கம் வரும், நாக்கு குழறாது. நீங்க இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், நான் எழுதித் தர்றேன்.”

“சரிம்மா” என்றாள் ஓவர்லாக்கு. போகவில்லை. அன்று வீட்டில் மாத்திரை அட்டையை எடுத்தாள், விழுங்கவில்லை. விழுங்காமல் விடவும் பயமாக இருந்தது. ஒன்றைப் பிதுக்கி வாய்க்கு அருகே கொண்டுபோய், திரும்ப அட்டைக்குள்ளேயே செருகினாள். புருஷன் பக்கம் திரும்பாமல் படுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். பித்தான் வைக்கிற புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி பாபினின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். பாபினுக்குக் கிசுகிசுக்க வராது.

“இதுக்கா இவ்வளவு வெட்கம்? நான் வாங்கித் தர்றேன் விடு.”

“எனக்கு எதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குக்கா. எனக்கு அடிக்கடி தலை வேற வலிக்கும்.”

“தலை வலிக்காம எவ இருக்கா இந்த லைன்ல? இதோ இருக்காளே, இவளுக்கும்தான் வலிக்கும். எத்தனை வருஷமா போடுறா தெரியுமா? எதாவது ஆச்சா? நேத்து அவளுக்கு முடியாம போனதுகூட வெறும் பசி. நீயே கேளு.”

அந்தப் பெண் திரும்பி ஓவர்லாக்கைப் பார்த்தாள். நம்பிக்கையான பார்வை. முகப்பில் தொங்குகிற சட்டையை எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

தன் உடம்பைப் பற்றிய பொய் அதுவரை அவளுக்குத் தன்னுடைய சொந்த விஷயமாகத்தான் இருந்தது. இப்போது அதை இன்னொருத்தி உடுத்திக்கொள்ளப் போகிறாள். டிபன் டப்பாவை மூடினாள்.

“எனக்கு ஆச்சு” என்றாள். “நேத்து வாய் குழறினது பசியில இல்ல. கண்ணுல வெளிச்சம் வந்து, கை மரத்து, பேச்சு போச்சு. நீ அவ பையிலேருந்து எதையும் வாங்காத. வா, சிஸ்டர்கிட்ட போவோம்.”

“அடிப்பாவி! என்கிட்டகூட சொல்லலையே!” என்றாள் பாபின். முகம் வெளுத்துவிட்டது. “நான்தானேடி கொடுத்தேன்...”

“நீ கேக்கல. நானும் சொல்லல. எந்திரி.”

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அன்றே ஓவர்லாக்கை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பாபின் போனில் சொன்னதும் புருஷன் லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து சேர்ந்தான். அங்கே டாக்டரம்மா தலையைப் படம் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு, பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றார். பிறகு அந்த வெளிச்சத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

“தலைவலிக்கு முன்னாடி இப்படி வெளிச்சம் வர்றவங்களுக்கு நீங்க சாப்பிட்ட மாத்திரை ஆகாதும்மா. அதுல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு. அது ரத்தம் உறைஞ்சு கட்டியாகுறதைக் கூட்டும். உங்களை மாதிரி ஆளுக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு பக்கவாதமே வரலாம். இத்தனை வருஷம் தப்பிச்சது உங்க நல்ல நேரம்.”

ஓவர்லாக்கு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, கேட்கப் பயந்ததைக் கேட்டாள். “அப்போ நான் இனிமே என்னதான் டாக்டர் பண்றது?”

“ஏன், வழியா இல்ல? கர்ப்பப்பையில வைக்கிற காப்பர்-டி இருக்கு. அந்த ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு.”

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. நிறுத்தச் சொல்வார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். மாற்றித் தருவார்கள் என்று அந்த வைத்திய அறையில் படுத்திருந்தபோது தோன்றவே இல்லை. சொல்லாமல் கட்டிக் காத்ததெல்லாம் எதற்கு என்று நினைத்தபோது அழுகை வந்தது.

உடம்புக்குள் ஒன்றை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மாத்திரையே கேட்டாள். இதில் இடைவெளி கிடையாது, அட்டை தீர்ந்த மறுநாளே அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், நேரம் தவறக் கூடாது என்றார் டாக்டரம்மா. வெளிச்சம் மறுபடி அதிகமானால் உடனே வர வேண்டும். நடுவில் விட்டுவிட்டதால் முதல் இரண்டு நாளுக்கு ஆணுறையும் வேண்டும்.

ஆணுறை என்றதும் புருஷன் சுவரில் இருந்த படத்தைப் படிக்க ஆரம்பித்தான். முன்பு ஒருமுறை அதை வாங்கப் போய், கடையில் தெரிந்தவர் நிற்கவே, சீப்பு வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். தலையில் பாதி வழுக்கை.

“இந்தத் தடவையும் சீப்பா?” என்றாள் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“சும்மா இருடி. நேத்து நீ பேச முடியாம போனேன்னு பாபின் சொன்னப்போ எனக்கு வண்டி ஓட்டக் கை வரல. இன்னைக்கு எவன் நின்னாலும் வாங்குறேன்.” விறுவிறுவென்று எதிர்க் கடைக்குள் நுழைந்தான். வாங்கியும் வந்தான்.

தலைவலி அடியோடு போய்விடவில்லை. எப்போதாவது அந்தத் தையல் கண்ணோரத்தில் ஓடத்தான் செய்கிறது. வந்தால் இப்போது மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள். தேநீர் மணி அடித்ததும் அவள் முதலில் எடுப்பது மாத்திரை, பிறகுதான் தேநீர். மெஷின் அவளிடமே இருக்கிறது.

பித்தான் வைக்கிற பெண்ணை நர்ஸ் பரிசோதித்து, அவள் தலைவலி இந்த வகை இல்லை என்றாலும் டாக்டரைப் பார்த்த பிறகே எதையும் ஆரம்பிக்கச் சொன்னாள். பாபினையும் விடவில்லை. அவள் முனகிக்கொண்டே டாக்டரிடம் போய், ரத்த அழுத்தம் பார்த்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, ஜெயித்த மாதிரி திரும்பி வந்தாள்.

“எனக்கு ஒரு குறையும் இல்லையாம்! அதே மாத்திரையைப் போடலாமாம். நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஒத்துக்கும்னு?”

“உனக்கு” என்றாள் ஓவர்லாக்கு, துணியை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே.