வாளிக்குள் போன வலது கை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பதுளை நகரத்துத் தேவாலயம் ஒன்றின் பின்பக்க மண்டபத்தில், என் வலது கையை நானே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நட்டு வைத்தேன். நட்டதோடு நிற்காமல், ஏதோ முளைக்கப் போகிறது என்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டும் இருந்தேன்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், டாக்டர் சொல்லித்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். வெளியூர்க்காரர்கள் இந்த வேலையின் பெயரைக் கேட்டு, நான் கேத்தலும் கையுமாகத் தேநீர் ஊற்றுகிறவன் என்று நினைப்பதுண்டு. கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை எல்லாப் பொறுப்பும் டீமேக்கர் தலையில்தான். என் தலையோ பயத்துக்கென்றே செய்த தலை. மழை பெய்தால் பாதை சரிந்து லொறி நின்றுவிடுமோ என்று பயம். பெய்யாவிட்டால் கொழுந்து குறைந்துவிடுமோ என்று பயம். தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டால் பயம். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று அதைவிடப் பயம். இப்படியே போய்ப் பிரஷர் ஏறிவிட்டது.

பதுளையில் நான் காட்டிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பட்டியைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. பயம்தான் வருத்தம். லீவு நாளிலை கையாலை ஏதாவது செய்யப் பழகுங்கோ, மனம் ஆறும். இல்லாட்டி வாழ்நாள் முழுக்கக் குளிசை விழுங்கவேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கையால செய்யிற வேலைதானே? தேங்கா துருவுங்க" என்றாள். கலை என்பது அவளுக்கு விளங்காது என்று முடிவு செய்து, நான்கு சனிக்கிழமை நடக்கவிருந்த பரிஸ் சாந்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பரிஸ் சாந்து வேறொன்றுமில்லை. கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கட்டுவார்களே, அதே வெள்ளை மாவுதான். தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றினால் சற்று நேரத்தில் கல்லாகிவிடும்.

நடத்தியவர் சித்திரப் பாட டீச்சர். அவரும் யாழ்ப்பாணத்தவர், பொறுமைசாலி. படிக்க வந்த பதினான்கு பேரில் நான் ஒருவன்தான் ஆண். என் பக்கத்து நாற்காலியில், அடுத்த தோட்டத்தில் முப்பது வருடம் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். நத்தாருக்கு வைக்கும் இயேசு பிறந்த குடிலுக்குப் பொம்மை செய்யப் பழக வந்திருந்தார். "எங்க வீட்டுக் குடில்ல மாட்டுக்கு மூக்கு ஒடஞ்சிருச்சுங்க. இவ்வளவு நாள் நெசப் புள்ளைகளத் தூக்கியாச்சு, இனி சாந்துப் புள்ளையத் தூக்குவோம்னு வந்தேன்" என்பார்.

முதல் சனிக்கிழமை ஒரு மாம்பழம் செய்தேன். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு" என்றார். காய்கறிக்குப் பேர்போன வெலிமடைச் சந்தையில் வைத்திருந்தால் யாராவது நிறுத்து வாங்கியிருப்பார்கள். அடுத்த வாரம் செய்த ரோஜாவைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

மூன்றாவது வாரம் கை அச்சு. ஆழமில்லாத தட்டில் சாந்தை ஊற்ற வேண்டும். அது தயிர்போல் இறுகி வரும்போது, எண்ணெய் பூசிய உள்ளங்கையை மேலாகப் பதித்து, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். டீச்சர் இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் கவனமாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வேறு மாதிரிச் செய்தேன்.

காரணம் என் வலது கையின்மேல் எனக்கிருந்த கர்வம். எங்கள் தொழிலில் கொழுந்தை முதலில் மாடியில் பரப்பி வாட்டுவோம். வாட்டம் சரிதானா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, பிறகு விரலைத் திறப்போம். கொழுந்து உருண்டையாக நின்று மெல்ல அவிழ வேண்டும். சட்டென்று விரிந்தால் வாட்டம் போதாது, கசங்கியபடியே கிடந்தால் கூடிவிட்டது. இதை எந்தக் கருவியையும்விட என் உள்ளங்கை சரியாகச் சொல்லும். அது ஒரு நாள் பிசகினாலும் அன்றைய தேயிலை முழுவதும் பிசகும். அப்பேர்ப்பட்ட கையைச் சோதிடக்காரனிடம் நீட்டுவதுபோல் தட்டையாகவா பதிப்பது? கொழுந்து பிடித்த முஷ்டியாகவே வார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

டீச்சர் வெளியே குழாயடியில் சிலருக்குச் சாந்து கரைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மூலையில் கிடந்த வாளியை எடுத்தேன். குளிர் நாள், குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. டீமேக்கருக்குச் சுடுதண்ணீரில்தானே நம்பிக்கை? தேநீருக்கு வைத்திருந்த கேத்தலிலிருந்து பாதி, குழாயிலிருந்து பாதி. மாவைக் கொட்டிக் கலக்கி, முஷ்டியை மணிக்கட்டுக்கு மேல்வரை இறக்கினேன். எண்ணெயும் உள்ளங்கைக்கு மட்டும்தான். மற்றவர்கள் அப்படித்தானே பூசினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாளி வெதுவெதுப்பானது. எனக்கு ஒரே சந்தோஷம். மருத்துவச்சியம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, எல்லாரும் தட்டுல வச்சாங்க, நீங்க மட்டும் வாளியில?"

"இது வேற மாதிரிம்மா."

"சுடுதுங்களா?"

"சுடத்தான் வேணும். அரைச்ச கொழுந்தப் பரப்பி வச்சா சூடு ஏறுமில்லையா, அது மாதிரி. உள்ள வேலை நடக்குது. கலைக்கக் கூடாது."

அவர் ஒரு கணம் யோசித்தார். "கொழுந்துக்குச் சரிங்க. கைக்கு?"

அந்தக் கேள்விதான் என் தலைக்குள் மணியை அடித்தது. கையை இழுத்தேன். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தேன். வாளியும் என்னோடு எழுந்து நின்றது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பு பாதியில் வேறு சத்தமாக மாறியது. வெதுவெதுப்பு போய், கொதிக்கும் கேத்தலைத் தொட்டதுபோல் சுட ஆரம்பித்திருந்தது.

அடுத்த அரை நிமிடத்தில் நான் நினைத்ததையெல்லாம் எழுதினால் புத்தகமாகும். வாளியோடு மடுல்சீமை பஸ்ஸில் ஏறுகிறேன், கண்டக்டர் வாளியைக் கீழே வைக்கச் சொல்கிறார். வாளியோடு மாடியில் நின்று வாட்டம் பார்க்கிறேன், துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டால் இந்தக் கட்டின்மேல் இன்னொரு கட்டுப் போடுவார்களோ? கதிர்காமத்து முருகனுக்கு மொட்டை நேர்ந்தேன். நான் நிற்பது மாதாவின் வீட்டில் என்பது நினைவு வந்ததும், அவருக்கும் மெழுகுவர்த்தி நேர்ந்தேன்.

டீச்சர் உள்ளே வந்தார். வாளியைத் தொட்டுப் பார்த்தவரின் முகம் மாறியது.

"ஐயோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்! சுடுதண்ணியும் விட்டனீங்களோ?"

"கொஞ்சம்தாங்க..."

"இன்னும் சூடேறும். கை வெந்துபோயிடும். உடைச்சுத்தான் எடுக்கவேணும், இப்பவே."

வாளியைக் கத்தியால் வெட்டி உரித்தார்கள். என் கை முனையில் பூசணிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல். அதை மேசையில் சாய்த்து வைத்து, டீச்சர் சிறிய உளியையும் சுத்தியலையும் எடுத்தார். மேலாக இரண்டு துண்டு பெயர்ந்தது. பிறகு அவரால் அடிக்க முடியவில்லை. கல் மேசையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஆட்டாதேங்கோ!"

"நான் ஆட்டலைங்க, அதுவா ஆடுதுங்க."

"விரல் எங்கை இருக்கு எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் ஆடினால் உளி விரலிலைதான் இறங்கும்."

பயத்தை விடுவதற்காகக் கைவேலை பழக வந்தவன் நான். இப்போது பயத்தை விட்டால்தான் கை மிஞ்சும் என்ற நிலை. அதை நினைக்க நடுக்கம் இன்னும் கூடியது.

அப்போதுதான் மருத்துவச்சியம்மா நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன மாசம்?"

அழுகிற நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆங், அப்படித்தான். என்னையப் பாருங்க. அங்க பாக்காதீங்க, அது டீச்சர் வேல. மூச்ச இழுங்க. விடுங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க, இந்த வாட்டம் எப்படிங்கய்யா பாப்பீங்க?"

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாதா? ஆனால் என் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் நான் விடமாட்டேன். சொல்ல ஆரம்பித்தேன். காற்று எப்படி வீச வேண்டும், மழைக் கொழுந்துக்கு எவ்வளவு நேரம், வெயில் கொழுந்துக்கு எவ்வளவு நேரம் என்று. டக், டக் என்று உளிச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"அப்புறம்?"

"அள்ளி இறுக்கிப் பிடிக்கணும்மா. உருண்டையா நிக்கணும்."

"அதான் நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கீங்களே, ஊரே பாக்குது. பிடிச்சத எப்படிங்க விடுவீங்க?"

"ஒரேயடியா விடக்கூடாதும்மா. சுண்டு விரல்ல இருந்து... ஒவ்வொண்ணா... மெதுவா..."

சொல்லும்போதே சுண்டு விரல் உள்ளே அசைந்தது. அது அசைய இடம் கிடைத்திருக்கிறது என்பது புரிவதற்குள், ஒரு 'டக்'. கல் இரண்டாகப் பிளந்து மேசையில் விழுந்தது.

வெலிமடை பீட்ரூட் நிறத்தில் என் கை வெளியே வந்தது. மணிக்கட்டு மயிரெல்லாம் சாந்தோடு போய்விட்டது. உடனே குளிர்ந்த தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள். மருத்துவச்சியம்மா விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு அறிவித்தார்: "அஞ்சும் இருக்கு. சுகப் பிரசவம். நல்லா அழுவுது, புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

அழுதது நான்தான்.

என் பழைய டாக்டரே களிம்பு பூசிக் கட்டுப் போட்டார். தோல் சிவந்ததோடு போயிற்று, இன்னும் சில நிமிடம் கிடந்திருந்தால் கதை வேறு என்றார். வந்ததற்குப் பிரஷரும் பார்த்தார். பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். "இவ்வளவு நல்லா ஒருநாளும் இருக்கேல்லையே! என்ன செய்தனீங்கள்?" நான் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். வைத்தியமாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஊரெல்லாம் வாளி வாங்கும்.

வீட்டில் மனைவி கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேங்கா துருவச் சொன்னேன்" என்றாள். அன்றைக்கு அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

புதன்கிழமை கட்டை அவிழ்த்துவிட்டு விடியற்காலையில் மாடிக்குப் போனேன். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினேன். விரலைத் திறந்தேன். கொழுந்து உள்ளங்கையில் மெல்ல அவிழ்ந்தது, ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. சரியான வாட்டம். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை, ஐயாவுக்கு என்ன ஆயிற்று, காலையிலேயே கொழுந்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருப்பார்.

நான்காவது சனிக்கிழமையும் வகுப்புக்குப் போனேன். உடைந்த சில்லுகளையெல்லாம், குடிலுக்கு மலை கட்ட ஆகும் என்று மருத்துவச்சியம்மா பையில் கட்டிக்கொண்டு போயிருந்தார். பெரிய துண்டு இரண்டை மட்டும் டீச்சர் எடுத்து வைத்திருந்தார். அவற்றைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, நடுவே என் கை இருந்த பள்ளத்தில் சாந்தை ஊற்றினார். இறுகியதும் பிரித்தால், என் முஷ்டி. நகம், ரேகை, மோதிரம் எல்லாம் அச்சாக. வகுப்பில் நான் செய்தவற்றில் உருளைக்கிழங்கு மாதிரி இல்லாதது அது ஒன்றுதான்.

அதில் ஒரு குறை உண்டு. சுண்டு விரலின் மூட்டுக்குப் பக்கத்தில், நெல் அளவுக்கு ஒரு மேடு. அது என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "உளி கல்லைத் துளைச்சு உள்ளுக்கு வந்த இடம். அந்த நேரம் நீங்கள் ஆடேல்லை."

அந்த வெள்ளை முஷ்டி இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான்; மழைக்கும் பயம், வெயிலுக்கும் பயம். ஆனால் பயம் வரும்போதெல்லாம் அந்த நெல் அளவு மேட்டைத் தடவிப் பார்த்து, என்னையறியாமல் இறுகிக் கிடக்கும் கையைச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கிறேன்.