காரை ஆட்டுகிறவர்

பந்தயக் கார் வீரராக அந்தப் பாடகர் நடித்த படங்கள் எல்லாமே ஓடின. கார் மட்டும் எந்தப் படத்திலும் ஓடியதில்லை. ஸ்டூடியோவின் கடைசிக் கொட்டகையில், சக்கரம் கழற்றிய சிவப்புக் கார் ஒன்று லாரி ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் இருக்கும் பெரிய திரையில் ரோடு ஓடும். முன்னால் ஒரு ராட்சத மின்விசிறி பாடகரின் முடியைப் பறக்கவிடும். காருக்கு அடியில் செருகிய நீளப் பலகையை ஒருவர் மண்டியிட்டு அமுக்கி அமுக்கி விடுவார். கதை அந்த ஒருவரைப் பற்றியது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் உண்டுதான். ஆனால் கொட்டகையில் அவர் பெயர் குலுக்கி. கேன்டீனிலிருந்து அவருக்கு டீ வருவதும் அந்தப் பெயரில்தான்.

அவர் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். லாரி ஸ்பிரிங் பட்டறையில் இருந்தவர், ஸ்பிரிங் மாட்டிக் கொடுக்க வந்தார். மாட்டியது சரியா என்று காரைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். உள்ளே பாடகர் பாடிக்கொண்டிருந்தார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது, யாரும் இவரைக் கவனிக்கவில்லை. படம் பார்த்தவர்கள் அந்த இடத்தில் விசிலடித்தார்கள். அப்புறம் பட்டறைக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

குலுக்குவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கட்டும். நெடுஞ்சாலைக்கு ஒரு குலுக்கல், மலைப்பாதைக்கு ஒரு குலுக்கல், கதாநாயகி தோளில் சாய்ந்துவிட்டால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரு குலுக்கல். இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் பாடகர் மற்றவர்களைப் போல வாயை மட்டும் அசைக்கமாட்டார். பதிவான பாட்டு ஒலிக்கும்போதே கூடவே தொண்டை கிழியப் பாடுவார். மேல் ஸ்தாயியில் இழுக்கிற நேரத்தில் கார் குலுங்கினால் ஆடு கத்துகிற மாதிரி ஆகிவிடும். அதனால் அந்தப் படங்களில் வருகிற ரோடுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் மட்டும்தான் பள்ளம் இருக்கும். ரசிகர்கள் யாரும் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கதையும் எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். கடைசிச் சுற்றில் பாடகர் பின்தங்கிவிடுவார். பக்கத்தில் கதாநாயகி இருப்பாள். பந்தயக் காரில் அவள் எப்படி ஏறினாள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பாடகர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவள் முகத்தை ஏந்திப் பாடுவார். மற்ற கார்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோப்பை இவருக்கு. அந்த அட்டைக் கோப்பைகளை எல்லாம் பாடகர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

குலுக்கிக்குக் கல்யாணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். கார் ஆட்டுகிறார் என்று சொன்னதும் பெண் வீட்டாருக்கு அவசர வேலை வந்துவிடும். கடைசியில் அவருடைய அக்கா வீட்டுக்காரர் காரியத்தில் இறங்கினார். இறங்கிய அன்று காலையில்தான் அவருக்கு முன்பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். வீங்கிய வாயோடு ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு போன் போட்டார். “மச்சான் சினிமாவுல கார் ஆட்டுறான்” என்று இவர் சொன்னது அந்தப் பக்கம் “ஓட்டுறான்” என்று விழுந்தது.

“ஓட்டுறாரா? அந்தப் பாட்டுக்காரர் படத்துலயா? ரேஸ் காரா?” என்று முதலாளி அடுக்கினார். பல் போன இடத்தில் பஞ்சு இருந்ததால் இவரால் “ம்ம்” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

முதலாளியின் பெண் அந்த டிரைவிங் ஸ்கூலிலேயே கற்றுக்கொடுக்கிறவள். அப்பாவைத் தவிர எல்லோருக்கும் அவள் டீச்சர். குலுக்கி பெண் பார்க்கப் போன அன்று வகுப்பிலிருந்து கான்வாஸ் ஷூவோடு நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“வேகமா ஓட்டுவீங்களா?” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இல்லங்க. நான் இருந்த எடத்துலயேதான்” என்றார் குலுக்கி.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். மனுஷர் அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று ஆகிவிட்ட பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் சோறும் இறங்கவில்லை.

“சொல்லிடலாம் மாமா” என்று அக்கா வீட்டுக்காரரிடம் கெஞ்சினார்.

“கல்யாணம் முடியட்டும் மச்சான்.”

“முடிஞ்சதும் சொல்லிடலாமா?”

“ஒரு கொழந்த பொறக்கட்டும்.”

குழந்தை வரைக்கும் காத்திருக்க முதலாளிக்குப் பொறுமை இல்லை. “தம்பி, ஸ்கூலுக்குப் புது மைதானம் வாங்கியிருக்கேன். தொறப்பு விழாவுக்கு அந்தப் பாட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. மொதல்ல அவர் ஒரு ரவுண்டு, அப்புறம் நீங்க ஒரு ரவுண்டு. அன்னைக்கே கல்யாணத் தேதியையும் சொல்லிடலாம்” என்றார்.

பாடகர் மறுத்துவிடுவார் என்கிற நம்பிக்கையோடு குலுக்கி அவர் வீட்டுக்குப் போனார். பாடகரோ உடனே தலையாட்டிவிட்டார்.

“அண்ணே, அங்க நெஜக் கார்ணே” என்றார் குலுக்கி மெதுவாக.

“பின்ன நான் இத்தன வருஷமா என்ன பொம்மைக் காரா ஓட்டிட்டு இருக்கேன்?”

கிண்டலாக இருக்குமோ என்று குலுக்கி அவர் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. அவருக்குப் பின்னால் கோப்பைகள் பளபளவென்று இருந்தன.

விழா அன்று மைதானம் கொள்ளாத கூட்டம். பாடகர் ஹெல்மெட்டும் பளபளக்கும் உடுப்புமாக வந்து ஸ்கூல் காரில் ஏறினார். பக்கத்தில் டீச்சர் இல்லாமல் அந்தக் காரை யாரும் எடுக்கக் கூடாது என்பது ஸ்கூல் சட்டம். அதனால் அவளும் ஏறிக்கொண்டாள். முதலாளி மைக்கைப் பிடித்து, “இதோ புறப்படுகிறார்” என்று முழங்கினார்.

பாடகர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலை வாரினார். தொண்டையைச் செருமினார். கொட்டகையில் டைரக்டர் சொல்வதைத் தானே “ரோலிங்” என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் அப்படியே நின்றது.

“சார், சாவி” என்று டீச்சர் நீட்டினாள்.

“சாவி எதுக்கும்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் பாட ஆரம்பித்துவிட்டார். இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், வளைவில் சாய்ந்தார். பாட்டு போனது, கார் போகவில்லை. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், அப்புறம் பத்துப் பேர். பாடகரின் குரல் தடுமாறிப் பாதி வரியில் நின்றது. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“குலுக்கி எங்க? ஏன் போகல?”

அக்கா வீட்டுக்காரர் குலுக்கியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “பேட்டரி போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ போன, கல்யாணம் போச்சு மச்சான்.”

உண்மைதான், போய்விடும். குலுக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒரு மனுஷர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு விழித்துக்கொண்டிருப்பதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சட்டையை விடுவித்துக்கொண்டு போனார். காருக்குப் பின்னால் மண்டியிட்டு பம்பரைப் பிடித்தார். முதலில் நெடுஞ்சாலை.

கார் ஆடியதும் பாடகர் முகம் மலர்ந்தது. விட்ட வரியிலிருந்து பிடித்து வெளுத்து வாங்கினார். பல்லவி முடிந்ததும் குலுக்கி ஒரு பள்ளம் போட்டார். சரணத்தில் மலைப்பாதை. சிரித்த கூட்டம் கைதட்ட ஆரம்பித்து, கடைசியில் எழுந்தே ஆடியது. பாட்டு முடிந்ததும் பாடகர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி விழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

“நல்ல வண்டி. வளைவுல மட்டும் கொஞ்சம் இழுக்குது, பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பாடகர் கிளம்பிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி குலுக்கியின் எதிரில் வந்து நின்றார். “தம்பி, நீங்க ஓட்டுறவர் இல்லையா?”

“இல்லங்க. ஆட்டுறவன். மாமாவுக்கு அன்னைக்குப் பல்லு புடுங்கியிருந்துச்சு.”

முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார்.

“ஓட்டவே தெரியாதா?”

“தெரியாதுங்க. உங்க பொண்ணப் பாத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு, வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு.”

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சாலையையே தன் மாணவர்களால் நிரப்பியவருக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையா? காரைப் பார்த்து, “எறங்கும்மா, போலாம்” என்றார். டீச்சர் இறங்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று பக்கத்தில் இருக்கிற டீச்சருக்கு.

“படிப்பு முடிச்சதுல இருந்து இந்த சீட்லதான்பா இருக்கேன்” என்றாள். “ஒரு நாள்கூட இந்த பிரேக்குல இருந்து கால எடுத்ததில்ல. எவன் எங்க கொண்டுபோய் மோதுவானோன்னு. வீட்ல சோபால உக்காந்தாக்கூட கால் தானா அமுக்குது. தூக்கத்துல அமுக்குறேன். இன்னைக்கு அவர் ஆட்டும்போது கால மடக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டேன்பா. எனக்கே தெரியாம.”

அப்பாவும் முதலாளி ஆகும்வரை அதே சீட்டில் உட்கார்ந்தவர்தான்.

அவள் ஜன்னல் வழியாகக் குலுக்கியைப் பார்த்தாள். “இன்னொரு தடவ ஆட்டுறீங்களா? பாட்டு வேணாம்.”

குலுக்கி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனார். முதலாளி பின்கதவைத் திறந்து தானும் உள்ளே ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

“மெதுவா ஆட்டுங்க, மாப்பிள்ளை” என்றார்.