கஞ்சியக்காவின் சொந்தப் பெயர்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போய்க் கஞ்சியக்கா எங்கே என்று கேட்டால், பத்துக் கைகள் இஸ்திரி மேசைப் பக்கம் நீளும். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் திருதிருவென்று முழித்துவிட்டு, "அது துணியில இருக்கிற பேராச்சே" என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தலைமை டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போடச் சொன்னார்கள். போட்டாள். சும்மா போடவில்லை, பத்து கோட்டுக்கு ஆகிற கஞ்சியை ஒரே கோட்டுக்குப் போட்டாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாராம், கோட்டு உட்காரவில்லையாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான், முப்பத்தொரு வருஷமாகியும் விடவில்லை. இப்போது அவள் ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி.

சொந்தப் பெயர் தூவி. பறவையின் உடம்போடு ஒட்டியிருக்குமே, ஊதினால் பறக்கிற மெல்லிய இறகு, அதற்குப் பேர் தூவி. வைத்தவர் அவள் அப்பா. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். அவள் பிறந்த அன்று அவர் மேசையில் இருந்தது ஓர் அகராதியின் பக்கங்கள். பெண் பிறந்திருக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னபோது, பென்சில் முனை அந்தச் சொல்லில் நின்றதாம். அப்படியே வைத்துவிட்டார். இரண்டு நாள் முந்திப் பிறந்திருந்தால் என் பேர் தூசி, அதை வைத்துக்கொண்டு சலவைக்கூடத்தில் வேலை கேட்டிருந்தால் வாசலிலேயே துரத்தியிருப்பார்கள் என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பது பின்னால் பழகியதுதான். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் அழுதிருப்பாள். எதைத் தூவி, உப்பைத் தூவியா, மிளகாய்ப் பொடியைத் தூவியா என்று பிள்ளைகள் பிய்த்தெடுத்தார்கள். பேரை மாத்துங்கப்பா என்று ஒருநாள் வீட்டில் வந்து ஆடித் தீர்த்தாள். அப்பா அசரவில்லை. அவர் சொன்னதை அவள் இன்றுவரை எழுத்து மாறாமல் சொல்வாள்.

"புத்தகத்துக்குள்ள தூங்கிட்டிருந்த வார்த்தை கண்ணு அது. நான்தான் எழுப்பி நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். உன்னைக் கூப்பிடும்போதுதான் அதுக்கு உசிரு. உனக்கப்புறம் யாரும் வெச்சுக்கலேன்னா, அது திரும்பப் போய்ப் படுத்துக்கும்."

அப்பா கடைசியாகப் படுத்த படுக்கையாக இருந்தபோது, வேறெதையும் கேட்கவில்லை. யாராவது வெச்சாங்களாம்மா என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் இல்லப்பா, ஆனா வெக்க வைக்கறேன் என்றாள். சொன்ன சொல்லுக்காக ஒற்றைக் காலில் நிற்கிறவள் அவள். அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்கினாள். அவளுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். தம்பிக்குப் பெண் பிறந்ததும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். தம்பி பெண்டாட்டி ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க பட்டதே போதும், என் பொண்ணும் படணுமா?" அக்காவுக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. குழந்தைக்குக் கொண்டுபோன கவுனைக் கொடுத்துவிட்டு, நல்லா இரு என்று வாழ்த்திவிட்டு வந்தாள். அன்று இஸ்திரி போட்ட துணியில் ஒரு சுருக்கம் இல்லை. கோபம் வந்தால் அவளுக்குக் கையில்தான் வரும்.

அடுத்து ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு மூவாயிரம் குழந்தை பிறக்கிற இடம், ஒரு பெண்ணுக்குக் கூடவா இந்தப் பேர் தோன்றாது என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு வருஷமும் முதல் வேலை நாளில், பிறப்புப் பதிவு ஜன்னலில் போய் நிற்பாள். உள்ளே இருக்கிற பதிவாளருக்கு அவளைக் கண்டதும் விஷயம் தெரிந்துவிடும். முந்தின வருஷம் ஒரே பேரை நாற்பத்து மூன்று பேருக்கு வைத்திருக்கிறார்கள், போன வருஷம் அது படுத்துவிட்டது, வேறொன்று எழும்பியிருக்கிறது என்று சந்தை நிலவரம் போலச் சொல்வார். கடைசியில் அவள் பேருக்கு வருவார். உதட்டைப் பிதுக்குவார். சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் திரும்புவாள். பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று.

சும்மா காத்திருக்கிற ரகமா அவள்? பிரசவ வார்டுக்குத் துணி கொண்டுபோகிற வேலையை வலியக் கேட்டு வாங்கினாள். தலையணை உறை மாற்றுகிற சாக்கில், நிறைமாதக்காரிகளிடம் பேச்சுக் கொடுப்பாள். என்ன பேர் யோசித்திருக்கிறாய், பெண்ணாக இருந்தால் இப்படி ஒரு பேர் இருக்கிறது, அர்த்தம் இன்னது என்று எடுத்துவிடுவாள். சிலர் அழகா இருக்கே என்பார்கள். வீட்டுக்குப் போய் அந்த நாற்பத்து மூன்றோடு நாற்பத்து நாலாவதைச் சேர்ப்பார்கள். ஒருநாள் வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடமும் ஆரம்பித்துவிட்டாள். அது தப்புதான், அவளே ஒத்துக்கொள்வாள். புகார் மேலே போயிற்று. சலவைக்கூடத்து ஆள் இனி பிரசவ வார்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று தலைமை நர்ஸ் உத்தரவு போட்டார். அதோடு அந்த வழியும் அடைந்தது.

மிச்சம் இருந்தது துணிதான். அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு பழக்கம். எந்தத் துணி யார் பொறுப்பு என்று தெரிய, அவரவர் அலமாரித் துணியின் மூலையில் அவரவர் அடையாளம் தைக்க வேண்டும். கறையோடு போனால் ஆளைப் பிடிக்கலாம் அல்லவா. ஒருத்தி இரண்டு புள்ளி வைப்பாள், இன்னொருத்தி பெருக்கல் குறி போடுவாள். அக்காவின் அலமாரி, பிறந்த குழந்தையைச் சுற்றுகிற சின்னப் போர்வைகள். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அவள் மட்டும் சிவப்பு நூலில் முழுப் பேரையும் தைப்பாள். ஒரு புள்ளி வெச்சாப் பத்தாதா, எதுக்கு இந்தக் காவியம் என்று மேற்பார்வையாளர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். வருஷக் கடைசியில் துணி எண்ணும்போது மட்டும் அவருக்கு உயிர் வந்துவிடும். மற்ற அலமாரியில் ஒன்றிரண்டு குறையும், இவள் அலமாரியில் நாற்பது ஐம்பது குறையும். போர்வைக்குக் கால் முளைச்சிடுச்சா என்று எல்லார் முன்னாலும் கேட்பார். வார்டில் கேளுங்க, நான் என்ன முழுங்கிட்டேனா என்று அவளும் விடமாட்டாள். ஆனால் மனசுக்குள் குறுகிப்போவாள். திட்டு வாங்குவதற்கு மட்டும் பயன்படுகிறதே அப்பா வைத்த பேர் என்றிருக்கும்.

இந்த வருஷம் முதல் வேலை நாளில் ஜன்னலுக்குப் போனபோது, இதுதான் கடைசித் தடவை என்று அவளுக்குத் தெரியும். பதிவாளர் சந்தை நிலவரம் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு இருக்குக்கா" என்றார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரு, எந்த வீடு, எந்தத் தெரு என்று மளமளவென்று கேட்டாள். அதையெல்லாம் சொல்லக் கூடாது, வேலை போய்விடும் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். போன மாதம் மூன்றாம் வாரம் பிறந்த குழந்தை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

அது போதும் அவளுக்கு. ஆறாவது வாரம் தடுப்பூசி. தடுப்பூசி புதன்கிழமைகளில். அந்த அறை இருப்பது வெளிநோயாளிகள் கட்டடத்தில், தலைமை நர்ஸ் தடை போட்டதோ பிரசவ வார்டுக்கு. கணக்குப்படி இன்னும் ஒரு மாதம் இருந்தது. கணக்கை யார் நம்புவது, முந்திக் கொண்டுவந்துவிட்டால்? அந்தப் புதனிலிருந்தே சாப்பாட்டு வேளையில் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் குழந்தை இல்லாமல் தடுப்பூசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள்தான். யாரையாவது பார்க்கணுமா என்று ஊசி போடுகிற நர்ஸ் கேட்டதற்கு, ஆமாம், வருவா என்றாள். மூன்று புதன் போயிற்று. நாலாவது புதனில் மேற்பார்வையாளர் கத்தினார். சாப்பாட்டு நேரம் என்னோடது, நான் பட்டினி கிடந்தா உங்களுக்கென்ன என்று கிளம்பிவிட்டாள்.

ஐந்தாவது புதன், அறை நிறைய அழுகைச் சத்தம். நர்ஸ் அட்டைகளைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் காலையிலிருந்து நின்ற களைப்பு, கண் லேசாகச் சொக்கியது.

"தூவி."

"இதோ வந்துட்டேன்" என்று எழுந்து நின்றாள். அப்பா போன பிறகு அந்தப் பேரை யாரும் அப்படி உரக்கக் கூப்பிட்டதில்லை. எழுந்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. எதிர் பெஞ்சில் ஓர் இளம் பெண்ணும் எழுந்து நின்றாள். கையில் குழந்தை. வெளுத்து நூலாகிப்போன ஒரு சின்னப் போர்வையில் சுற்றியிருந்தாள். போர்வை மூலையில் சிவப்பு நூல்.

தன் தையலை அவளுக்குத் தெரியாதா. வளைவு ஒன்று எப்போதும் கொஞ்சம் சரிந்துதான் விழும். கிட்டே போய் மூலையை விரலால் தொட்டாள். இது உனக்கு எப்படிம்மா கிடைச்சது என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு, அவள் போட்டிருந்த சலவைக்கூடச் சட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிப் போர்வைதாங்க. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மா என்னை இதுல சுத்தித்தான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்களாம். திருப்பித் தர மனசு வரலையாம். திருப்பிக் குடுத்துடணுங்களா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தப் பெண் கொஞ்சம் தைரியம் வந்து சொன்னாள்.

"சின்ன வயசுல இது இல்லாம தூங்க மாட்டேன். இந்த மூலையைப் பிடிச்சுக்கிட்டே எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் வார்த்தையே இதுதான். என்ன அர்த்தம்னு தெரியாது. என்னை முதல்ல பத்திரமாப் பொதிஞ்சு அனுப்பினவங்க பேரா இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. பொண்ணு பிறந்தா இந்தப் பேருதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

வார்டு வார்டாக வாய் ஓயச் சொல்லித் திரிந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே தைத்துப் போட்டதுதான் ஒரு வீட்டுக்குள் போய் இருபத்தாறு வருஷம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கால் முளைத்துப் போன போர்வைகளை எண்ணிப் பார்த்தாள் அக்கா. வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது. எத்தனை வீட்டு அலமாரியில், எத்தனை பிள்ளைகள் கையில். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. சொல்லிடறேன்ப்பா, வெச்சுட்டாங்க என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

நர்ஸ் பொறுமை இழந்தார். அட்டையை ஆட்டி, "ஒரு பேருக்கு ரெண்டு பேரு எழுந்து நின்னா எப்படிங்க? யாரு இங்க தூவி?" என்றார்.

"ரெண்டு பேருமேதான்" என்றாள் அக்கா. "ஊசியை மட்டும் சின்னவளுக்குப் போடுங்க."