பிட்சை மிதிக்கக் கூடாது

அபுதாபியைச் சேர்ந்த அல் ஐனில் நான் பார்த்த வேலைகளிலேயே சொகுசானது அந்தத் தோண்டும் வேலைதான். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. புது ரோடு வரவிருந்த காலி நிலத்தில் பழங்காலத்துச் சின்னம் ஏதாவது புதைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு வந்திருந்தது. மண் அள்ள எங்கள் கம்பெனியிலிருந்து நானும் என் ரூம் கூட்டாளியும் போனோம். தலைக்கு மேல் தார்ப்பாய், கையில் பிரஷ், பத்து மணிக்கு டீ. அதுவரை வெயிலில் கட்டடத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் குழு கிளம்பிவிடும், நாங்கள் மறுபடி கம்பிக்குப் போக வேண்டும். எதையாவது கண்ணில் காட்டு என்று தினமும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் தோண்டினேன்.

குழுவின் தலைவி ரோம் நகரத்துக்காரர். மேடம் என்போம். அவர் ஊரில் தெருவுக்கடியில் பழைய விளையாட்டு அரங்கம் ஒன்று கிடக்கிறதாம். அதன் சுவர்மேலேயே வீடு கட்டி, ஓடிய இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்களாம். அங்கே ஓடியவர்களில் முக்கால்வாசிப் பேரின் பெயர் தெரியாமலே போய்விட்டது என்று குறைபட்டுக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் முழங்கால் ஆழத்தில் கெட்டியான களிமண் தரை தட்டியது. ஓரத்தில் சாம்பல், பக்கத்தில் தேங்காய் ஓடு. இந்தியாவோடு நடந்த வாணிகம் என்று மேடம் குதித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் தரையின் முனையில் வரிசையாக மூன்று குழிகள் தெரிந்தன. கூட்டாளியின் காதில் குசுகுசுத்தேன்.

"டேய், இது நம்ம கிரிக்கெட் பிட்சுடா."

"வாய மூடு. நேத்தே தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன். சொன்னா நாளைக்கே கம்பிதான்" என்றான் கூட்டாளி.

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் தங்கியிருந்த கேம்ப் அங்கேதான் இருந்தது. அதைப் பிரித்து மண்ணைக் கொட்டி மேடாக்கியதில் இடமே அடையாளம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டுக்காகப் பேரீச்சந்தோட்டத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து, மணல் நிரப்பிய டிரம்மை உருட்டி நாங்களே போட்ட தரை. ஆட்டமில்லாதபோது பிட்சை யாரும் மிதிக்கக் கூடாது என்று கூட்டாளி காவல் நிற்பான். முதல் மேட்சுக்கு முன் ஓரத்தில் நெருப்பு மூட்டிச் சாம்பிராணி போட்டுத் தேங்காய் உடைத்தோம். பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டை அங்கேயே மண்ணில் தள்ளினோம்.

டீ நேரம் வரை தாங்கினேன். மேடம் அந்தத் தேங்காய் ஓட்டைப் பஞ்சுக்குள் வைத்துப் பொத்துவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். கிரிக்கெட்டைப் பற்றியே அறியாதவர், எப்படி நம்புவார்? கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டு எழுந்துபோய், ஸ்டம்பு நட்ட அந்த மூன்று குழியிலிருந்து இருபத்திரண்டு கஜம் அளந்து அங்கே தோண்டினான். அங்கேயும் மூன்று குழி. மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்று கூட்டாளி என்னை முறைத்தான்.

சிரித்து முடித்த மேடம் தாளை எடுத்து பிட்சை வரைந்தார், ஆறு குழிகளோடு. பிறகு இங்கே ஆடியவர்கள் யார் யார் என்று கேட்டார். பதினொரு பெயரையும் நான் சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அதில் நாலு பேர் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள். அவர்கள் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்தேன். கூட்டாளி தன் பெயருக்குப் பக்கத்தில் ஃபாஸ்ட் பௌலர் என்று போடச் சொன்னான்.

இரண்டே நாளில் கம்பிக்குத் திரும்பினோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று அவன் ஒரு மாதம் என்னைத் திட்டினான். ரோடு வந்தது. டியூட்டிக்குப் போகும் கம்பெனி பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வான். முதலில் கிண்டல் செய்தேன். பிறகு நானும் தூக்க ஆரம்பித்தேன்.