சூசை அண்ணனோட முன் வீல்

சூசை அண்ணே போயிட்டாரு. இன்னைக்குக் காலையில. தோட்டத்து ரோட்டுல... சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே.

இன்னைக்குத் திங்கட்கிழமை. அவருக்கு ரெஸ்ட் நாள்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். புக்கிட் பெருந்துங் ஃபேக்டரில என்கூட ஒரே ஷிஃப்ட்ல வேலை பார்த்தவரு. ரிட்டையர் ஆன கையோட சைக்கிள்ல ஏறினாரு. பத்தாங் பெர்ஜுந்தாய்ல எங்க சைக்கிள் கேங்குக்கே அவருதான் மூத்தவரு, அறுபத்தி நாலு வயசு.

ஒருதடவை கோல சிலாங்கூர் மலாவத்தி மேட்டுல நாங்க எல்லாம் நாக்கு தள்ளி நிக்கிறோம். அவரு மட்டும் "இன்னொரு ரவுண்ட் லா"ன்னு திரும்பக் கீழ இறங்கிட்டாரு. அவரு பையில வச்சிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிட்டுப் போய் மரத்தடியில உக்காந்து நிதானமா தின்னுச்சு.

"குரங்குகூட உக்காந்து சாப்பிடுதுண்ணே, நீங்க எப்பதான் உக்காருவீங்க?"ன்னு கேட்டேன்.

"உக்காந்தவன்லாம் இப்ப எங்கடா இருக்கான்? தோட்டத்து லயத்து வீட்டுல எங்கப்பா வேலைய விட்டு நாற்காலில உக்காந்தாரு. அந்த வருசமே தூக்கிட்டுப் போனோம்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா அந்த பயம் அவருக்கு நெசமாவே இருந்திச்சு.

போன வருசம் நெஞ்சு வலி வந்து ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. டாக்டர் ஓட்ட வேணாம்னு சொல்லல. "ஓட்டுங்க, ஆனா கடுமையா ஓட்டின மறுநாள் முழு ரெஸ்ட். இந்த வயசுல உடம்பு ரெஸ்ட்லதான் தேறும்"னாரு.

அண்ணே கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி... "ரெஸ்ட்டுனா எத்தன கிலோமீட்டர் டாக்டர்?"

டாக்டரே சிரிச்சிட்டாரு. மேரி அண்ணி மட்டும் சிரிக்கல.

அப்புறம்தான் அண்ணி அந்தச் சட்டத்தைப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரைட் முடிஞ்சதும் ரேஸ் சைக்கிளோட முன் வீலைக் கழட்டி என்கிட்ட குடுத்துரணும். செவ்வாய்க்கிழமை காலையிலதான் திரும்பக் கெடைக்கும். கேங்ல ஒருத்தனும் அவருக்கு வீல் இரவல் குடுக்கக் கூடாது.

ஒவ்வொரு ஞாயிறும் எங்க வீட்டு கேட்ல நின்னு வீலை நீட்டுவாரு. மூஞ்சி உர்ருன்னு இருக்கும். "இந்தா... பத்திரமா பூட்டி வை, பெரிய போலீஸ்காரன்."

கொஞ்ச வாரமா உர்ருன்னு இல்ல. நேத்தும் சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு. அப்பாடா, மனுசன் ஒருவழியா ரெஸ்ட் எடுக்கக் கத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.

காலையில அண்ணி எழுந்து பார்த்தா ஆளக் காணோம். ஆனா ரேஸ் சைக்கிள் முன் வீல் இல்லாம ஹால்லேயே நிக்குது. சரி, கோப்பி குடிக்கக் கடைக்குப் போயிருப்பாருன்னு சமையலைப் பார்த்தாங்களாம்.

வீட்டுக்குப் பின்னாடி இருந்த கூடை சைக்கிளை யாரு பார்த்தா? அண்ணி பாசாருக்கு மீன் வாங்கப் போற பழைய இரும்பு சைக்கிள். கியரும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அதை மிதிச்சுக்கிட்டு செம்பனைக் காட்டு மேட்டுல ஏறியிருக்காரு.

செம்பனைக் குலை ஏத்த வந்த டிராக்டர்காரர்தான் பார்த்திருக்காரு. ரோட்டோரமா விழுந்து கெடந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல அண்ணி என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க... "கொஞ்ச நாளாவே அந்த கூடை சைக்கிள் சீட்டு உயரமா இருந்திச்சு தம்பி. எனக்குக் கால் எட்டாம இறக்கி வைப்பேன். அடுத்த வாரம் பார்த்தா திரும்பவும் ஏறி இருக்கும். பக்கத்து வீட்டுப் பசங்க வேலைன்னு நெனச்சு அதுங்களத் திட்டிக்கூட விட்டேனே..."

எங்க கேங்ல எவன் காதுல விழுந்திருந்தாலும், சீட்டை ஏத்தி ஓட்டுறது அண்ணேதான்னு அப்பவே பிடிச்சிருப்போம். மீன் வாங்கப் போற சைக்கிள் சீட்டைப் பத்தி பாவம் அவங்க யாருகிட்ட போய் சொல்லுவாங்க.

கோவம் கோவமா வருதுண்ணே. ஒரு நாள்... வாரத்துல ஒரே ஒரு நாள் சும்மா கெடக்கக் கூடாதா? இப்ப அண்ணி யாருக்குச் சமைப்பாங்க?

சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. ரேஸ் சைக்கிளைச் சுவரோரமா தள்ளிட்டு, அது நின்ன எடத்துலதான் பெட்டிய வச்சிருக்காங்க.

அண்ணி என்னைக் கூப்பிட்டாங்க. அழுது அழுது குரலே இல்ல.

"அந்த வீலைக் கொண்டாந்து மாட்டிரு தம்பி. இனிமே பயமில்ல."

மாட்டிட்டு வந்துதான் இதை எழுதறேன்.

நாளைக்கு மத்தியானம் மாதா கோயில்ல பூசை, அப்புறம் கல்லறைக்குக் கொண்டு போறோம். கேங் ஆளுங்க யாரும் சைக்கிள்ல வராதீங்க லா... அண்ணி கண்ணுல பட வேணாம்.

போயிட்டு வாங்கண்ணே. மெதுவா...