சீர்த்தட்டில் வந்த டிஷ்

ஒத்தக்கடையில் சொந்தவீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கும் தாமரைச்செல்வி வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரையூரிலிருந்து அண்ணன் பேயாண்டி வருவாரா, வந்தால் தன் கணவன் முத்துக்குமரன் வாயைத் திறந்து 'வாங்க' என்பானா என்ற கவலைதான். முன்பு மகளின் காதுகுத்தில், மைக்கில் சீர் வாசித்தவன் தாய்மாமன் பேரைச் சொல்ல மறந்துவிட்டான். பேயாண்டி பாதிப் பந்தியில் எழுந்து போனார். அதோடு மச்சான்மார் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எவனோ மறந்ததற்கு இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவள் இவள்.

அண்ணன் வந்தார். மேளத்தோடு வந்தார். வாழைப்பழத் தட்டுக்கும் தேங்காய்த் தட்டுக்கும் நடுவே, மாலை சுற்றிய டிஷ் ஆன்டெனா ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, மழைக்கு எது தாங்கும், எந்தச் சேனல் பேக்கில் கபடி வரும் என்று கேட்டு வாங்கியது அது. தனக்காகக் கேட்கவில்லை. முத்துக்குமரன் ஒரு காலத்தில் ஊர் டீமுக்குக் கபடி ஆடியவன். இதையெல்லாம் அண்ணி ராக்கம்மாள்தான் அடுப்படியில் வைத்துச் சொன்னாள். தாமரை அதைக் கணவனிடம் சொன்னபோது அவன் 'உம்' என்றதோடு சரி. கேபிள் போடத்தான் அவன் நினைத்திருந்தான். ஆனாலும் வந்த சீரைத் திருப்புகிற வழக்கம் இல்லை என்பதால் டிஷ் மாடிக்குப் போனது.

வம்பு பிறகுதான் தெரிந்தது. வாங்குகிறவன் நம்பரைத்தானே கொடுக்க வேண்டும் என்று நினைத்து, பேயாண்டி கடையில் தன் செல் நம்பரையே கொடுத்திருந்தார். ஒரு சேனலைக் கூட்டவோ குறைக்கவோ ஓ.டி.பி. பேரையூருக்குத்தான் போகும்.

"நம்ம வீட்டு டிவிக்கு அவருகிட்ட போயி நிக்கணுமாக்கும்? நம்பரை மாத்தச் சொல்லு. இல்லைன்னா கழட்டிப் போட்டுருவேன்" என்றான் முத்துக்குமரன்.

மாற்றவும் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், கொடுத்த சீரை மூஞ்சியில் எறிந்ததாகத்தானே அவர் நினைப்பார்? அப்புறம் இந்த வாசலை மிதிப்பாரா? காலேஜ் லேபில் அட்டெண்டர் வேலை பார்க்கிற தாமரை, எதையும் தள்ளிப்போடாதவள் என்று பேர் வாங்கியவள். இதை மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தாள்.

கபடி ஃபைனல் அன்று சாயங்காலம், காலேஜ் பஸ் ஓட்டுகிற முத்துக்குமரன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு அவசரமாக வந்து டிவியைப் போட்டான். அந்தச் சேனல் பேக்கில் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. கம்பெனிக்காரன் பேக்கை மாற்றியிருந்தான்.

தாமரை அடுப்படியிலேயே நின்றுகொண்டாள். டிஷ் இன்றோடு இறங்கிவிடும் என்றே நினைத்தாள். ரிமோட்டைச் சோபாவில் எறிகிற சத்தம் கேட்டது. பிறகு வாசல் பக்கமிருந்து அவன் குரல் வந்தது.

"மச்சான், நான்தான் பேசுறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். கொஞ்சம் சொல்லுங்க."

அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பேயாண்டி கண்ணாடியைத் தேடினார், எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், ஒன்றைத் தப்பாகச் சொல்லி மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சேனல் வந்துவிட்டது. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை. எந்த டீம் ஜெயிக்கும் என்று கேட்டார் அண்ணன். இவன் அரை மணி நேரத்துக்குக் காரணம் சொன்னான். ஆட்டம் தொடங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியில் பேயாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெவரம் தெரியாம என் நம்பரைக் குடுத்துப்புட்டேன் மாப்ள. ஒங்களுக்குத்தான் சிரமம். மாத்திக்கிறீகளா?"

தாமரை அடுப்பை அணைத்தாள்.

"இருக்கட்டும் மச்சான்," என்றான் முத்துக்குமரன். "ஒங்க நம்பர்லயே இருக்கட்டும்."