பட்டாளத்துக்காரர் தூங்க ஒரு தடுப்பு

காலை ஏழே முக்கால் மணி. இரவெல்லாம் பெய்த ஐப்பசி மழை ஓய்ந்தும் தூறல் விடவில்லை. என் தம்பியின் மரவாடியில், பிறர் வீட்டுத் தடுப்புகளுக்கு எத்தனை பலகை, எத்தனை சட்டம் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. வீட்டைத் திருத்திக் கட்டுகிறவருக்கு அளவு சொல்லிப் பார்த்த வாசகர்கள், இத்தொழிலில் அளவு நாடாவுக்கு முன்பே பொறுமை தேய்ந்துபோகும் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

கயிற்றில் வந்த அளவு

போர் முடிந்து கலைக்கப்பட்ட ஒரு முகாமின் அட்டைப் பலகைகளைத் தம்பி ஏலத்தில் எடுத்து அரியலூருக்குக் கொண்டுவந்திருந்தான். மரத்தூளை அழுத்திச் செய்தவை. சட்டம் நிறுத்தி, மேலே இவற்றை ஆணியடித்தால் ஒரே நாளில் சுவர் தயார்.

அன்று நனைந்துகொண்டு வந்தவர் செந்துறைப் பக்கத்து விவசாயி வைத்திலிங்கம். அவர் தம்பி கலியபெருமாள் பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள்முதல், பாத்திரம் உருண்டால்கூடத் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறாராம். நன்றாகத் தூங்கி மாதங்களாயிற்றாம். கூடத்தின் குறுக்கே தடுப்பு வைத்து அவருக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும். கூடத்தின் அகலத்தைக் கயிற்றில் முடிச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"தரையிலதாங்க. கீழ ஒரு அகலம், மேல ஒரு அகலமாவா இருக்கும்?"

சுவரின் இடுப்பு

மண்சுவர் அடியில் பருத்து, மேலே போகப் போக மெலியும். தரையளவுக்குப் பலகை அறுத்தால், உச்சியில் இருபுறமும் கை நுழையும் சந்து விழும். சத்தமெல்லாம் அவ்வழியே வந்துவிடும். மறுநாள் நானே பஸ் ஏறிப் போனேன். கலியபெருமாளின் மனைவி ராஜாமணி நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அடி, நடு, உச்சி என மூன்று இடங்களில் அளந்தேன். உச்சியில் முக்கால் அடி கூடுதல். வைத்திலிங்கம் கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை அளவு பாக்கலைங்க."

கிணற்றடித் தீர்ப்பு

பலகை அறுக்கவேண்டிய நாளில், ராஜாமணியையும் அழைத்துவந்து, தடுப்பு வேண்டாமென்றார் வைத்திலிங்கம். அவ்வூரில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால், முதலில் கூடத்தின் குறுக்கே சுவர் எழும்பும். பிறகு இரண்டு அடுப்பு எரியும். இவரோ, தம்பி கொல்லைப்புறமாக வந்துபோகட்டுமென்று, தடுப்பை வழியே இல்லாமல் அடைக்கச் சொல்லியிருந்தார். குடும்பம் உடைந்துவிட்டதாகக் கிணற்றடியில் முடிவாகிவிட்டது. "அண்ணன் வெரட்டிட்டானான்னு அவங்கிட்டயே கேட்டிருக்காங்க. அதுலேருந்து அவனுக்குச் சோறு எறங்கலை," என்றார்.

பாகச் சுவரில் கதவு வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே தடுப்பின் நடுவில், சமையற்கட்டுக்கு நேராக, ஒரு கதவு வைக்கலாமென்று சொல்லிக் கணக்கைத் திருத்தினேன். பலகை குறைந்தது, சட்டம் கூடியது. கதவு அடித்துச் சத்தம் எழாமலிருக்க நிலையில் சாக்குத் துணி. வைத்திலிங்கம் தலையைச் சொறிந்தார். ராஜாமணிதான் முதலில் பேசினாள்.

"கதவு இருக்கட்டும் மாமா. அவரு சாப்பிட எந்திரிச்சு வர்றதுக்கு அதான் கிட்டத்து வழி."

மறுநாள் காலை

தச்சர் சவரிமுத்து ஒரே பகலில் தடுப்பை நிறுத்தினார். மேற்பார்வைக்குப் போன நான் மழையால் அங்கேயே தங்கிவிட்டேன். விடிந்ததும் தச்சர் தம் உளிகளைக் கோணியில் சுற்றிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினார். வைத்திலிங்கம் பால் செம்பைத் துண்டில் பொதிந்து தொழுவத்துக்குக் கொண்டுபோனார். ராஜாமணி அரிசி களைவதை நிறுத்தி நிறுத்திக் கதவில் காது வைத்தாள். தயிர் கேட்கும் சாக்கில் கதவைப் பார்க்க வந்த அடுத்த வீட்டம்மாள், வைத்திலிங்கம் கை காட்டியதும் வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் என் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகு கதவு திறந்தது. கலியபெருமாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, வூட்டுல ஒருத்தரும் பேசக் காணோம்? சண்டையா?"

ஒரு வீட்டார் இத்தனை மெதுவாக நடக்கக்கூடியவர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், அவர்களுக்குப் பலகை விற்க எங்களுக்கு ஒரு காரணமும் இருந்திராது.